முகூர்த்த நேரத்தில் அருந்ததி எங்கே இருந்தாள்?

கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போன அம்மாவுக்குத் துணையாகப் போன ஒரு பெண் கேட்ட கேள்வியில் இது தொடங்கியது. அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, முகூர்த்த நாள். பிள்ளைகளை வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சொல்வது எங்களுக்குச் சுலபம். ஒரு ஆளுக்குக் கூலி முன்னூறு என்றால் இரண்டு ஆளுக்கு அறுநூறு என்கிற கணக்கு அந்த அம்மாவுடையது.

மண்டபத்தின் பின்பக்கம் குழாயடியில் இருந்து பார்த்திருக்கிறாள். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஐயர் வெளியே அழைத்து வந்தார். வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வீடியோக்காரர் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார், இன்னொரு முறையும் பார்த்தார்கள். இவளும் எட்டிப் பார்த்தாள். "நீ என்னத்தப் பாக்கற, அண்டாவத் தேய்" என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள்.

அன்று மாலை எங்கள் பாடசாலைக்கு வந்தவள் பையைக் கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, அருந்ததின்னா நம்ம சாதிப் பேருதான? அதை எதுக்கு ஐயரு மானத்துல காட்டறாரு? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்ளே."

எங்கள் பாடசாலை என்பது வளவுக்குள் இருக்கும் சமுதாயக் கூடத்தின் ஒரு பாதி. மேற்கு மாவட்டத்துக் கிராமம். வளவு முழுக்க அருந்ததியர் குடும்பங்கள். மாலை ஆறரை முதல் எட்டரை வரை நாங்கள் மூன்று பேர் மாறி மாறிப் பாடம் சொல்லித் தருகிறோம். இருபது பிள்ளைகள், ஒரு கரும்பலகை, பிளஸ் டூ முடித்த ஒரு தம்பிக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. அந்த மடிக்கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைப் போன வருடமே ஏற்றி வைத்திருந்தோம். காசு கிடையாது. ஒரு முறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமும் வேண்டியதில்லை, ரீசார்ஜ் தீர்ந்த வாரத்திலும் வானம் தெரியும்.

அதை ஏன் ஏற்றினோம் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் தொலைநோக்கி கொண்டு வந்தார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வியாழனையும் சந்திரனையும் பிள்ளைகளுக்குக் காட்டுவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். தொலைநோக்கியை வைத்திருந்த இடம் ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டின் மொட்டை மாடி. மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்து போகிறது. வாசலில் நின்ற பெரியவர் எங்களிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. "நீங்க இங்கயே நில்லுங்க, அவங்க பாத்து முடிச்சதும் கீழ எடுத்தாரச் சொல்றேன்" என்றார். ஒன்பதரை வரை நின்றோம். தொலைநோக்கி கீழே வரவில்லை. பெரிய கருவி, இறக்குவது சிரமம் என்று பிறகு சொன்னார்கள். சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

அன்று திரும்பி நடந்தபோது ஒரு பொடியன் கேட்டான், "அவங்க மாடியில இருந்து பாத்தா நிலா கிட்டத் தெரியுமாக்கா?" அந்த வாரம்தான் வீடு ஏற வேண்டாத தொலைநோக்கி ஏதாவது உண்டா என்று தேடத் தொடங்கினோம்.

சரி, அருந்ததிக்கு வருகிறோம்.

ஸ்டெல்லேரியத்தில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் நாமே வைக்கலாம். எங்கள் ஊர் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகை. தேதி, ஆவணி மாதத்து அந்த ஞாயிறு. நேரம், அவள் அம்மா மண்டபத்திலிருந்து கொண்டு வந்திருந்த பத்திரிகையில் அச்சிட்டிருந்தபடி காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள். நாங்கள் 7 மணி என்று வைத்தோம். திரையில் நீல வானம், கிழக்கே சூரியன், வேறு ஒன்றுமில்லை. ‘ஏ’ எழுத்தை அழுத்தினால் காற்று மண்டலம் நீங்கிவிடும். பகலிலேயே நட்சத்திரங்கள் வந்து நிற்கும். அழுத்தியதும் பிள்ளைகள் கத்தினார்கள். சூரியனைச் சுற்றிலும் அத்தனை நட்சத்திரம். ஆனால் வடக்கே அருந்ததி இல்லை.

தேடும் பெட்டியில் ஆல்கர் என்று கொடுத்தோம். உலகம் முழுக்க அந்த நட்சத்திரத்துக்கு வழங்கும் பெயர் அது. படம் சுழன்று வடகிழக்கை நோக்கிப் போய்த் தரைக்குள் புகுந்து நின்றது. வெறும் புல்வெளி தெரிகிறது, அதன் நடுவே தேடல் குறி. ‘ஜி’ எழுத்தை அழுத்தினால் நிலம் மறையும் என்று மடிக்கணினிக்காரத் தம்பி சொன்னான். "நமக்குத்தான் ஏற்கெனவே நிலமே இல்லையே" என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரித்து முடித்து ‘ஜி’யை அழுத்தினோம். நிலம் போனது. அடிவானத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி அளவு ஆழத்தில் அருந்ததி இருந்தது. நேரத்தை மெல்ல நகர்த்தினோம். ஏழரை, ஏழே முக்கால், எட்டு. எட்டு மணியைத் தாண்டிய பிறகுதான் அது அடிவானத்தைத் தொட்டது. பந்தியே முடிந்திருக்கும்.

"அப்ப ஐயரு எதைக் காட்டுனாரு?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவளே நோட்டில் எழுதிக்கொண்டாள்: முகூர்த்தம் 7, உதயம் 8க்கு மேல். அவள் போட்ட முதல் வானியல் கணக்கு அது. அதற்குப் பிறகு பாடசாலையில் ஒரு பித்துப் பிடித்தது. வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் கொண்டு வந்தார்கள். தையில் நடந்த கல்யாணங்களில் அருந்ததி காலை ஏழு மணிக்கு வடமேற்கில் இருந்தது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் இருந்தது. ஆவணியில் அந்த நேரத்துக்கு இல்லவே இல்லை. உண்மையில் பழைய கிருஹ்ய சூத்திரங்களே நட்சத்திரங்கள் தோன்றிய பிறகு காட்டச் சொல்கின்றன. இரவுச் சடங்கு காலை முகூர்த்தத்துக்கு இடம் மாறியபோது கை நீட்டுவது மட்டும் மிஞ்சியது. இருப்பதைப் பார்க்காமல், காட்டுகிற கையைப் பார்ப்பது. சாதிக்கும் இந்தப் பழக்கம்தான் முதுகெலும்பு என்று எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லி நல்ல பொழுதைக் கெடுக்கவில்லை.

அவளுடைய முதல் கேள்வி பாக்கி இருந்தது. நம் சாதிப் பெயர் எப்படி வானத்துக்குப் போனது, அல்லது வானத்துப் பெயர் எப்படி நமக்கு வந்தது?

இழிவாகச் சொல்லப்பட்ட பழைய பெயரை உதற வேண்டும் என்று நம் முன்னோர் முடிவு செய்த காலத்தில் எடுத்துக்கொண்ட பெயர் இது. சென்னை சட்டசபை உறுப்பினராக இருந்த எல்.சி.குருசாமியின் தலைமுறை அது. அவர் சென்னையில் இரவுப் பள்ளிகளும் நடத்தியவர். பகலெல்லாம் தோலோடும் துடைப்பத்தோடும் கிடந்தவர்களுக்கு இரவில்தான் எழுத்து வாய்த்தது. எங்கள் சமுதாயக் கூடத்தின் பாதி அந்த வரிசையில் வருவது என்று நினைத்துக்கொள்வதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புராணப் பக்கமும் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் என்று சொல்லப்படும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி, அவர் மனைவி, கற்புக்கரசி. மனு நூலின் ஒன்பதாம் அத்தியாயம், கீழ்ப்பிறப்பைச் சேர்ந்த அட்சமாலை என்பவள் வசிட்டரை மணந்ததால் மதிப்புக்குரியவள் ஆனாள் என்கிறது. அந்த அட்சமாலைதான் அருந்ததி என்று ஒரு மரபு. எங்கள் தோழர்கள் சிலருக்கு இந்தக் கதை பிடிக்கும், பார், அவளும் நம்மவள் என்பார்கள். எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ரிஷியைக் கட்டிக்கொண்டதால் ஒருத்திக்கு மதிப்பு வந்தது என்றால் கட்டிக்கொள்ளாத அவளுடைய அக்கா தங்கைகள் என்ன ஆனார்கள்? பெயரை விட வேண்டியதில்லை. கதையை விட்டுவிடலாம். நட்சத்திரம் கதையைவிட நன்றாக இருக்கிறது.

அதைப் பிள்ளைகள் கருவி வழியாகவே கண்டுபிடித்தார்கள். ஸ்டெல்லேரியத்தில் வசிட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அந்த ஒரு புள்ளி இரண்டாகப் பிரியும். 17ஆம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கியில் பிரித்துப் பார்த்த இரட்டை அது. அந்த இரண்டும் தனித்தனியே இரட்டைகள் என்று ஒளியைப் பகுத்துப் பார்த்துப் பின்னால் தெரிந்துகொண்டார்கள். ஆக, வசிட்டர் ஒருவர் இல்லை, நான்கு பேர். அருந்ததிக்கும் மங்கலான சிவப்பு நட்சத்திரம் ஒன்று துணையாக இருப்பதை 2009இல் கண்டார்கள். பிறர் ஒளியில் மினுங்குகிறவள் இல்லை, நம் சூரியனைவிட வெப்பமான ஒரு தனிச் சூரியன். பூமியிலிருந்து ஏறக்குறைய 82 ஒளியாண்டு தூரம். இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த 1940களில் அங்கிருந்து கிளம்பியது. அரசியல் சட்டம் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை.

2009 என்றதும் ஒரு பெண் நிமிர்ந்தாள். தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த சட்டமும் அதே ஆண்டுதான். அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி சொன்னபோது வளவில் மிட்டாய் கொடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, நட்சத்திரத்துக்கும் நம் தலையெழுத்துக்கும் முடிச்சுப் போடுவது ஜோசியக்காரன் வேலை என்று கண்டிப்பாகச் சொன்னோம். தலையாட்டினார்கள். ஆனால் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லேரியம் காட்டுவது படம் வரைந்து. நட்சத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்த நேரத்துக்கு இது இங்கே இருக்கும் என்று அது கணக்கிட்டுப் புள்ளி வைக்கிறது. நிஜப் புகைப்படம் வேண்டும் என்றால் இணையம் தேவை. அதற்கு வேர்ல்டுவைட் டெலஸ்கோப் இருக்கிறது, ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் வானியல் தரவு மையத்தார் நடத்தும் அலாடின் இருக்கிறது. கைபேசியிலேயே அலாடினைத் திறந்தோம். முதலில் ஏமாற்றம். வசிட்டர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பெரிய திட்டு, அதிலிருந்து நான்கு பக்கமும் கோடு. "நட்சத்திரத்துக்குச் சிலுவை இருக்குதுங்களா?" என்றான் ஒருவன். அது நட்சத்திரத்துடையது இல்லை, தொலைநோக்கிக்குள் படத்தகட்டைத் தாங்கி நிற்கும் கம்பிகளின் வேலை. வெளிச்சம் அதிகமானால் படம் வெளுத்துவிடும். கலிஃபோர்னியாவின் பாலமார் மலையிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றித்தான் இந்த வானத்தைக் கட்டியிருக்கிறார்கள். இன்றிரவு வானம் என்று நினைத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஆனால் அந்தத் தகடுகளைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்களே, அது பெரிய காரியம்.

வசிட்டருக்கும் அருந்ததிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கல் நட்சத்திரம் படத்தில் தெளிவாக இருந்தது. 1722இல் ஒரு ஜெர்மானியர் அதைப் புதிய கோள் என்று தவறாக நினைத்துத் தன் மன்னர் லுட்விக் பெயரை வைத்துவிட்டார். "அங்கயும் பண்ணாடி பேரா?" என்றார் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி. ஆமாம் ஆயா, அங்கேயும்தான்.

அருந்ததியை அழுத்தினால் ‘ஏ5’ என்று ஒரு குறிப்பு வரும். வெப்பத்தின் வரிசைப்படி நட்சத்திரங்களுக்கு ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று எழுத்துகள் கொடுத்திருக்கிறார்கள். நம் சூரியன் ‘ஜி’. நட்சத்திர ஒளியில் இன்ன கோடுகள் இருந்தால் இன்ன வெப்பம் என்பதற்கான காரணத்தை 1920இல் ஒரு சமன்பாடாக எழுதியவர் மேகநாத் சாஹா. கிழக்கு வங்காளத்தில் ஒரு சிறு கடைக்காரரின் மகன், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதி. கல்கத்தாவில் படித்தபோது விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு உணவுக்கூடத்தில் சேர்ந்து உட்கார மறுத்தார்கள். அந்தச் சமன்பாட்டை விட்டுவிட்டு இன்று ஒரு நட்சத்திரத்தின் வெப்பத்தையும் பேச முடியாது. இதைச் சொன்ன அன்று பிள்ளைகள் வேறு எதுவும் கேட்கவில்லை, ஒருத்தி மட்டும், "அப்புறம் எங்க சாப்பிட்டாரு?" என்றாள்.

எங்கள் கூடத்தில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் ரோஹித் வெமுலாவின் படம் இருக்கிறது. அது யார் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர், உதவித்தொகை நின்றது, விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள், 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார் என்று சொல்லி வந்தோம். இப்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். அவர் கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வர ஆசைப்பட்டவர், நட்சத்திரங்களை விரும்பியவர் என்று. கடைசிக் கடிதத்தில் அவரே எழுதியது அது. இத்தனை வருடம் அவருடைய சாவை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களுக்கு உறைத்தது.

மண்டபத்துப் பெண்ணுக்கு வரைந்த வானமும் பழைய தகடும் போதவில்லை. "நாமளே இப்ப ஒரு போட்டோ எடுக்க முடியாதாக்கா?" என்றாள். முடியும். ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தினர் மைக்ரோஅப்சர்வேட்டரி என்று சிறிய தானியங்கித் தொலைநோக்கிகளை வைத்திருக்கிறார்கள். எதைப் படம் எடுக்க வேண்டும், எத்தனை நொடி ஒளியை வாங்க வேண்டும் என்று படிவத்தில் குறித்து அனுப்பினால் அங்கே இரவில் கருவி தானே எடுத்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பும். சப்தரிஷியின் வால்முனைக்கு அருகில் இருக்கும் சுழல் விண்மீன் கூட்டத்தை, எம்51ஐ, அவள் தேர்ந்தெடுத்தாள். படிவத்தை நிரப்பும்போது ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று எங்களைப் பார்த்தாள். நம் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்டவர் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார். தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்னது போல. அந்தப் படிவம் ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. எந்த நட்சத்திரம், எத்தனை நொடி என்றுதான் கேட்டது.

பிறகு படம் வந்தது. கறுப்பு வெள்ளை, புள்ளி புள்ளியாக, நடுவில் தேங்காய்ப் பூவைக் கரைத்துவிட்டது போல ஒரு சுழி. இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படங்களுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. டவுனில் ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய் கொடுத்து அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அடியில் அவள் பெயரும் தேதியும்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. வளவுக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று நான்கு வருடம் மனுக் கொடுத்திருந்தோம். ஊர்த்தெருவில் எல்லாம் எல்இடி, எங்கள் பக்கம் மூன்று கம்பம், மூன்றிலும் பல்பு இல்லை. போன மாசியில் மூன்றும் எரியத் தொடங்கின. இரவில் வெளியே போக வேண்டிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வெளிச்சத்தில் பிறந்தவர்களுக்குப் புரியாது. ஆனால் அருந்ததி மங்கலான நட்சத்திரம். கூடத்து வாசலில் நின்று பார்த்தால் இப்போது வசிட்டர் மட்டும்தான் தெரிகிறார். இருண்ட வானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறவர்களை நாங்களும் படிக்கிறோம், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொல்லி மட்டும் நாங்கள் கேட்க மாட்டோம்.

வேறு இருட்டு தேடினோம். நம் மக்களுக்கென்று தனியாக ஒதுக்கிய சுடுகாடு ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாதையும் கிடையாது, விளக்கும் கிடையாது. பாதைக்காகவும் மனுக் கொடுத்திருக்கிறோம், அது தனிக் கதை. மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, அருந்ததி வடக்கே உச்சிக்கு வரும் நேரம் இரவு பத்து மணி என்று பிள்ளைகளே ஸ்டெல்லேரியத்தில் பார்த்துக் குறித்தார்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் பிடித்ததும் அவர்கள்தான். பதினாறு பேர் போனோம், டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு. பேய் பயம் காட்டினவனை இரண்டு பேர் அடித்தார்கள்.

பார்த்தோம். கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால், இரண்டாக. முதலில் பெரியது, அதை விடாமல் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் சின்னது. எட்டு வயதுப் பையன் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுவிட்டான்.

பத்தரை மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்து சேர்ந்தார். அன்றும் மண்டபத்தில் வரவேற்பு இருந்தது, சேலைக் கரை நனைந்திருந்தது. மகள் அம்மாவின் தாடையைப் பிடித்து வடக்கே திருப்பினாள். கரண்டி மாதிரி இருக்குது பாரும்மா, காம்புல நடுவாப்புல. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டா இருக்குது," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு முகூர்த்தம் ஆறு மணிக்கு. அப்ப இது எங்கடி இருக்கும்?"

"இருக்காதும்மா. அஞ்சு மணி வாக்குல மேக்கால சாஞ்சு எறங்கீரும்" என்றாள் மகள்.